படபடப்பு என்று வரும் பெண்ணுக்கு ஆறுதல் மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்

பொது மருத்துவம் பார்க்கும் மருத்துவர்களுக்கு வணக்கம்.

என் தங்கைக்கு எப்ஸ்டைன் கோளாறு என்ற இதய நோய். பிறவியிலேயே இருந்தது, கண்டுபிடித்தபோது அவளுக்கு வயது 26. அதுவரை ரத்தசோகை, தூக்கமின்மை, மனப்பதற்றம் என்றார்கள். ஒருவர் கல்யாணக் கவலை என்றார். அதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

இதயத்தின் வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்க வேண்டிய மூவிதழ் வால்வு இந்தக் கோளாறில் கீழறைக்குள் இறங்கியிருக்கும். இதழ்கள் சுவரோடு ஒட்டிக்கிடப்பதால் வால்வு சரியாக மூடாது. ரத்தம் பின்னுக்குக் கசிய, மேலறை வீங்கிக்கொண்டே போகும். கடுமையாக இருந்தால் குழந்தை நீலம்பாரித்துவிடும், உடனே கண்ணில் படும். லேசாக இருந்தால் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கும், திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். கல்லூரி முடித்து வேலைக்குப் போகும் வரைகூடத் தெரியாமல் போகலாம்.

1866இல் பிரெஸ்லாவ் (இன்றைய போலந்தில் உள்ளது) நகரத்து மருத்துவர் வில்ஹெல்ம் எப்ஸ்டைன் இதை முதன்முதலில் எழுதியது, இறந்துபோன 19 வயதுத் தொழிலாளி ஒருவரின் இதயத்தை அறுத்துப் பார்த்த பிறகு. அந்த இளைஞருக்கும் சிறுவயது முதலே மூச்சிரைப்பும் படபடப்பும்தான். எப்ஸ்டைனிடம் ஈ.சி.ஜி. இல்லை, ஒலியலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ இல்லை. உங்களிடம் இரண்டும் இருக்கின்றன.

அரிய நோய்தான், மறுக்கவில்லை. பிறவி இதயக் கோளாறுகளில் நூற்றில் ஒன்றுகூட இல்லை. எல்லாருக்கும் எக்கோ எடுக்கச் சொல்லவில்லை. படபடப்பு என்று திரும்பத் திரும்ப வருகிறவருக்கு ஈ.சி.ஜி. எடுங்கள். அதில் வலது மேலறை பெருத்த அடையாளமோ, இதயத்தின் வலது மின்கிளையில் அடைப்போ, கூடுதல் மின்பாதையைக் காட்டும் டெல்டா அலையோ தெரிந்தால் எக்கோவுக்கு அனுப்புங்கள். இந்தக் கோளாறு உள்ளவர்களில் பலருக்கு இதயத்தில் கூடுதல் மின்பாதை இருக்கும். அதை அறியாமல், மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்த நேரத்தில், துடிப்பைக் குறைக்கும் வெரபமில் ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து என்பது உங்களுக்குத் தெரியும்.

கண்டுபிடித்துவிட்டால் வழி இருக்கிறது. பிரேசிலைச் சேர்ந்த ஜோசே பெட்ரோ டா சில்வா 1993இல் தொடங்கிய கூம்பு அறுவைச் சிகிச்சை முறையில், ஒட்டிய இதழ்களை விடுவித்து நோயாளியின் சொந்தத் திசுவிலேயே வால்வைச் சீரமைக்கிறார்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். படபடப்பு இருக்கும்போதே எடுத்த ஈ.சி.ஜி. தாளை மறக்காமல் நோயாளியின் கையில் கொடுங்கள். அடித்துக்கொண்டது நின்ற பிறகு அடுத்த மருத்துவரிடம் காட்ட அவர்களிடம் வேறு சான்று கிடையாது.