சந்திப்பிழையை அளப்பது எப்படி?

அன்புள்ள கதிர்,

நலம்தானே? இங்கு எல்லோரும் சுகம். மீனாவுக்கு மாற்றல் கிடைத்துவிட்டது. மற்ற சேதியெல்லாம் அடுத்த கடிதத்தில். உன் மாணவியின் ஆய்வு முன்மொழிவை இரண்டு முறை படித்தேன். அவள் அதை அப்படியே ஆய்வுக் குழுவிடம் கொடுத்துவிடுவாளோ என்ற பதற்றத்தில்தான் உடனே எழுதுகிறேன்.

தலைப்பைப் பார்: “மாணவர்களின் எழுத்துத்திறனை மேம்படுத்துவதில் ஆசிரியர் திருத்தத்தின் பங்கு”. எழுத்துத்திறன் என்றால் எது? பத்தியமைப்பா, சொல்வளமா, பிழையின்மையா? எல்லாவற்றையும் அளக்கப் புறப்பட்டால் ஒன்றையும் அளக்க முடியாது. போதாக்குறைக்கு “மேம்படுத்துவதில்” என்று முடிவைத் தலைப்பிலேயே எழுதிவிட்டாள்.

ஆனால் கரு நல்ல கரு. வீணாகக் கூடாது. திருத்தத்தால் பயன் உண்டா என்பது பழைய வழக்கு. இருவரும் இரண்டாம் மொழி எழுத்தை ஆய்ந்தவர்கள்: இலக்கணத் திருத்தத்தையே கைவிடலாம் என்று 1996இல் ஜான் டிரஸ்காட் எழுதினார்; 1999இல் டேனா ஃபெரிஸ் அதை மறுத்தார். விதிக்கு அடங்கும் பிழை வேறு, அடங்காத பிழை வேறு என்று ஃபெரிஸ் பிரித்தாரே, அதை அவள் பிடித்துக்கொள்ளட்டும். விதிக்கு அடங்கும் பிழை வேண்டுமென்றால் நமக்குச் சந்திப்பிழை இருக்கிறது. அதிலும் முழுச் சந்தியும் வேண்டாம். இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் மிகும் இடம் மட்டும் போதும்: “பாடத்தைப் படித்தான்”. கேள்வி இப்படி அமையட்டும்: பிழைக்கு அடிக்கோடு மட்டும் இடுவது, சரியான வடிவத்தை எழுதித் தருவது, இந்த இரண்டில் எதன் பயன் நான்கு வாரம் கழித்தும் நிற்கிறது?

அந்த நான்கு வாரத்தை அவள் விட்டுவிடக் கூடாது. திருத்திய மறுநாள் தேர்வு வைத்தால் நினைவைத்தான் அளப்போம். திருத்தத்துக்கு முன் முன்தேர்வு, முடிந்ததும் பின்தேர்வு, நான்கு வாரம் கழித்துத் தாமதத் தேர்வு, மூன்றும் வேண்டும். திருத்தமே இல்லாத மூன்றாம் குழு இல்லையென்றால் “திருத்தம் பயன் தருகிறது” என்று எழுதும் உரிமையும் கிடையாது. இரண்டு முறையையும் ஒப்பிட்டதாக மட்டுமே எழுதலாம். அவளிடம் உள்ள மாணவர் எண்ணிக்கைக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம்.

எண்ணிக்கை என்றதும் நினைவுக்கு வருகிறது. ‘அ’ பிரிவுக்கு ஒரு முறை, ‘ஆ’ பிரிவுக்கு இன்னொரு முறை என்று எழுதியிருக்கிறாள். பிறகு வேறுபாடு வந்தால் அது திருத்தத்தாலா, ஆசிரியராலா, வகுப்பின் இயல்பாலா என்று யார் சொல்வது? இவள் திருத்தப்போவது தாளில்தானே! ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் சீட்டுக் குலுக்கிப் பாதிப்பாதியாகப் பிரிக்கலாம். பிள்ளைகள் பக்கத்துத் தாளை எட்டிப் பார்ப்பார்கள். பார்த்து முடித்ததும் தாளைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். குழுக்களின் சராசரிகளுக்கு இடையே நடுத்தர அளவிலான (திட்ட விலக்கத்தில் பாதி) வேறுபாடு இருந்தால் அதை 80 விழுக்காடு வாய்ப்புடன் கண்டுபிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். இரண்டு வகுப்பும் சேர்ந்து 80 பேர்தான், குழுவுக்கு 40. ஆனால் முன்தேர்வு மதிப்பெண்ணைப் பகுப்பாய்வில் சேர்த்து, அதற்கும் பின்தேர்வுக்கும் 0.7 அளவில் ஒட்டுறவு (1 என்றால் முழுத் தொடர்பு) இருந்தால், தேவைப்படும் ஆள் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகும். தேர்வுக்கு வராமல் போகும் பிள்ளைகளையும் கணக்கில் வைத்தால் விளிம்பில்தான் நிற்கிறாள்; முடியும்.

மதிப்பிடுவதில்தான் பெரிய ஓட்டை. சரியாக வல்லினம் இட்ட இடங்களை மட்டும் எண்ணப் போகிறாளாம். அப்படியானால் கண்ட இடத்திலெல்லாம் ஒற்றுப் போடும் பையனுக்கு முழு மதிப்பெண்! “படித்தப் பையன்” என்று எழுதுவானே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? மிக வேண்டிய இடம் 20, சரியாக இட்டது 16, மிகாத இடத்தில் இட்டது 4 என்றால், 16ஐ 20ஆல் வகுக்காமல், அந்த 4ஐயும் சேர்த்து 24ஆல் வகுக்கச் சொல். 80 விழுக்காடு 67 ஆகிவிடும். திருத்தத்தால் விதி புரிந்ததா, ஒற்றுப் பயம் வந்ததா என்பது அப்போதுதான் தெரியும்.

கட்டுரை எழுதச் சொன்னாலும் போதாது. தெரியாத இடத்தைப் பிள்ளைகள் நழுவிவிடுவார்கள். யார் எதை என்ன செய்கிறார் என்று சொல்லியே ஆகவேண்டிய படத்தொடர்களாகக் கொடுக்க வேண்டும். ஒரே கடினத்தில் மூன்று தொகுப்பு. எது முதலில் என்பதைக் குழுவுக்குள் மாற்றி மாற்றித் தரவேண்டும். ஒவ்வொன்றிலும் 20 இடமாவது விழுகிறதா என்று ஆய்வில் சேராத பத்துப் பேரிடம் முன்னோட்டம் பார்த்துவிடட்டும். ஐந்தில் ஒரு பங்குத் தாளையாவது, எந்தக் குழு என்று அறியாத இன்னொருவரும் மதிப்பிட வேண்டும்.

உழைப்பையும் சொல்லிவிடு. மூன்று தேர்வு, இடையில் திருத்தித் தரும் மூன்று பயிற்சி: 480 தாள். தாளுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் 40 மணி நேரம். கால அட்டவணையில் இதற்கு அவள் ஒதுக்கியிருப்பது ஒரே வாரம்! தாமதத் தேர்வு விடுமுறையில் விழாமல் இருக்கிறதா என்றும் பார்.

பெற்றோர் ஒப்புதல், பிள்ளையின் சம்மதம், பள்ளியின் அனுமதி மூன்றும் கைக்கு வந்து, நெறிமுறைக் குழுவும் ஒப்பிய பிறகே முன்தேர்வு. அவசரப்பட்டு முன்னதாக நடத்தினால் அந்தத் தரவைப் பயன்படுத்த விடமாட்டார்கள். அவசரத்தில் அவள் உன் மாணவிதான் என்பது தெரிகிறது.

அடுத்த வரைவுக்கு முன் ஒரே ஒரு வேலை கொடு: எண்கள் இல்லாமல் வெறும் முடிவு அட்டவணையை வரையச் சொல். இரண்டு குழுவுக்கு இரண்டு வரிசை, மூன்று தேர்வுக்கு மூன்று பத்தி. எந்தக் கட்டத்தில் எது வரும் என்று அவளால் சொல்ல முடியவில்லையென்றால் கேள்வி இன்னும் தெளியவில்லை. அட்டவணையையும் முதல் படத்தொகுப்பையும் எனக்கு அனுப்பு. புள்ளியியல் பகுதிக்குப் புஷ்பாவைப் பிடி, மறுக்கமாட்டாள்.

அன்புடன்,
இளங்கோ