வெள்ளிக்கிழமைப் பதிவேடு

அன்புள்ள மல்லிகா,

ஆவணியில் வந்த உன் கடிதத்துக்குத் தை மாதத்தில் பதில் எழுதுகிறேன்; திட்டுவதை நேரில் வந்து திட்டு. இங்கு எல்லோரும் நலம், அம்மாவின் மூட்டுவலிதான் குறையவில்லை.

எழுத வைத்தவன் எங்கள் சிறப்புப் பள்ளியில் ஒரு பையன். ஒன்பது வயது, பேச்சு வரவில்லை, தன் கையைத் தானே கடித்துக்கொள்வான். நம் கவனத்துக்காகச் செய்கிறான், கண்டுகொள்ள வேண்டாம் என்று ஆயாம்மாவிடம் நான்தான் சொல்லியிருந்தேன். பிறகு, பயிற்சியில் சாந்தா மேடம் நம் உயிரை வாங்கி எழுத வைப்பாரே, அதே மூன்று கட்டங்களை வரைந்து, கடிப்பதற்கு முன் என்ன நடந்தது, எப்படிக் கடித்தான், அதன்பின் நாங்கள் என்ன செய்தோம் என்று இரண்டு வாரம் அவ்வப்போதே குறித்தேன். 41 தடவையில் 33 தடவை, ஒரு வேலை முடிந்து அடுத்தது என்னவென்று தெரியாமல் அவன் காத்திருந்த நேரம். அருகில் ஆள் இருந்ததும் இல்லாததும் ஒன்றுதான். அடுத்த வேலையின் படத்தை மேசையில் ஒட்டினோம். சென்ற வாரம் முழுவதும் 4 தடவைதான். நான்கு மாதங்கள் அந்தக் குழந்தையைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன், மல்லிகா.

என் மனக்குறை இதுதான்: இங்கே பதிவேடு வெள்ளிக்கிழமை மாலை, வாரம் முழுவதற்குமாக நினைவிலிருந்து நிரப்பப்படுகிறது. ஒவ்வொரு மாணவரின் முன்னேற்றத்தையும் கண்காணிக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 16ஆம் பிரிவில் சொல்வது, கோப்பில் 'முன்னேற்றம் உள்ளது' என்ற இரு சொற்களாகச் சுருங்கிவிட்டது. அறிவுசார் குறைபாடுள்ளவர்களின் அன்றாடத் திறன்களைப் பார்க்க நம் சென்னையில் உருவான எம்.டி.பி.எஸ். அளவீட்டில் 18 துறைகளில் 360 திறன்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்தோமே, நினைவிருக்கிறதா? இங்கே ஒரு சிறுமிக்கு 'பொத்தான் போடுகிறாள்' என்று எழுதியிருந்தார்கள். கைபிடித்துப் போட வைத்தோமா, நாங்கள் வாயால் சொன்னதும் போட்டாளா, தானாகவே போட்டாளா என்பது அதில் இல்லை. அவள் அம்மா அதை நம்பி வீட்டில் உதவுவதை நிறுத்த, குழந்தை திறந்த சட்டையோடு அழுதுகொண்டு நின்றிருக்கிறாள்.

உங்கள் மையத்தில் எழுதத் தெரியாதவர்களும் குறிக்கும்படி படத்தாள் ஒன்று வைத்திருப்பதாகச் சொன்னாயே, அதில் ஒரு நகல் உடனே அனுப்பு. எங்கள் ஆயாம்மாவுக்கு எழுத வராது. ஆனால் அந்தப் பையன் கடிக்கப்போவதை என்னைவிட முன்னதாக அறிகிறவர் அவர்தான்.

அன்புடன்,
கோமதி