வானியல் மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு ஆறு முறை கூடியது. தொலைநோக்கி முகாம் மேகமூட்டத்தால் கைவிடப்பட்டது. நூலகத்துக்கு இரும்பு அலமாரி ஒன்று வாங்கப்பட்டது.

வானின் எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் மெல்லிய நுண்ணலைகளான அண்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சுக்குக் கூறப்பட்ட மாற்று விளக்கங்களைப் பற்றி நான்கு உரைகளை நானே முன்னின்று நடத்தினேன். தோற்றுப்போன கொள்கைகளுக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகளா என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டவர்களுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். 1965இல் அமெரிக்க வானொலி வானியலாளர்கள் பென்சியாசும் வில்சனும் தம் அலைவாங்கியில் கண்டு அறிவித்த இரைச்சலை, அண்டம் தோன்றிய பெருவெடிப்பின் மிச்ச வெப்பம் என்று பிரின்ஸ்டன் குழுவினர் விளக்கினர். பெருவெடிப்பை மறுத்த வானியலாளர்கள் ஹாயிலும் நார்லிகரும் அதை ஏற்காமல், விண்மீன் ஒளியை மெல்லிய இரும்பு இழைத் துகள்கள் உறிஞ்சி நுண்ணலையாக உமிழ்கின்றன என்று வாதிட்டது வெறும் பிடிவாதம் அன்று. ஹீலியம் முழுவதும் விண்மீன்களிலேயே உருவாகியிருந்தால் வெளிப்பட்டிருக்கும் ஆற்றல், இக்கதிர்வீச்சின் ஆற்றலோடு ஏறத்தாழ ஒத்துப்போகிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவருக்கு, நாசாவின் கோபி செயற்கைக்கோள் 1990இல் காட்டிய பிசிறற்ற கரும்பொருள் நிறமாலை, அதாவது ஒரே வெப்பநிலையில் உள்ள பொருள் உமிழ்வது போன்ற கதிர்வீச்சு, வெவ்வேறு இடத்துத் துகள்களை நம்பிய அந்த விளக்கத்துக்கு ஏன் அவ்வளவு பெரிய அடி என்பது விளங்காது. 2000இல் வெளியான ஆய்வொன்று, தொலைதூர வாயுமுகில் ஒன்றிலிருந்து ஒளி புறப்பட்ட காலத்தில் அங்கே இக்கதிர்வீச்சின் வெப்பநிலை 6 முதல் 14 கெல்வினுக்குள் இருந்ததாகக் கண்டது. பெருவெடிப்புக் கணக்கு தருவது சுமார் 9. அதன் ஆசிரியர்களுள் ஒருவரான ஸ்ரீஆனந்த், நார்லிகர் புனேயில் நிறுவிய வானியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர் என்பதை மூன்றாம் உரையில் சொன்னபோது அரங்கில் கைதட்ட ஆளில்லை.

அந்த மூன்றாம் உரைக்கு வந்தவர்கள் பேச்சாளரையும் சேர்த்து ஒன்பது பேர். பழைய படக்குழாய்த் தொலைக்காட்சி ஒன்றை என் செலவில் ஆட்டோவில் கொண்டுவந்து, நிலையம் இல்லாத அலைவரிசையில் பொரியும் புள்ளிகளில் நூற்றுக்கு ஒன்று அந்தக் கதிர்வீச்சால் வருவது என்று காட்டினேன். நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு அதைக் கடைசிவரை பார்த்தவர் மண்டபக் காவலாளி ஒருவரே. அவர் உறுப்பினர் அல்லர்.

வரவும் செலவும் ஏறக்குறைய ஈடாக இருந்தன; விவரம் பொருளாளரிடம் உள்ளது. அறுபத்திரண்டு உறுப்பினர்களில் சந்தா செலுத்தியவர்கள் இருபத்தேழு பேர். பெயர்களை வாசிப்பது பண்பாகாது என்பதால் தவிர்க்கிறேன். பட்டியல் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டுள்ளது.

மண்டபம் தந்தவர்களுக்கும் பேச்சாளர்களுக்கும் தேநீர் வழங்கியவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் சிறிய வானொலி அலைவாங்கி ஒன்றை நாமே கட்ட எண்ணியிருக்கிறேன். நிலுவைச் சந்தாவில் பாதி வந்தாலே தகரத்துக்கும் மின்சுற்றுக்கும் போதும். செயலாளர் பொறுப்பை ஏற்க வேறு எவரேனும் விரும்பினால் சாவிகளை இன்றே ஒப்படைக்க ஆயத்தமாக உள்ளேன்.

இங்ஙனம்,
செயலாளர்