வன்னிப் பாடசாலை அதிபர்களுக்கு: பிள்ளைகளின் பாடத்தெரிவை ஆரூடத்தில் விடாதீர்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, துணுக்காய், வவுனியா வடக்கு, மடு வலயங்களின் அதிபர்களுக்கும் வழிகாட்டல் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் உயர்தரப் பாடத்தெரிவுக்காக நீங்கள் வைக்கும் கூட்டங்களைப் பற்றித்தான் இந்த மடல். ஆசிரியர் பற்றாக்குறைக்குள்ளும் அவற்றை விடாமல் வைக்கிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் அங்கே வெளியிலிருந்து வரும் வளவாளர்கள் சிலர் செயற்கை நுண்ணறிவைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயப்படுத்துகிறார்கள். இன்னும் பத்து வருடத்தில் இன்னின்ன தொழில் இருக்காது என்று திரையில் பட்டியல் போடுகிறார்கள். தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

என் பெறாமகள் அப்படியொரு கூட்டத்தில் இருந்தாள். வணிகப் பிரிவில் கணக்கீடு படிப்பது அவளுடைய நெடுநாள் ஆசை. பட்டியலில் முதலாவதாக நின்றது கணக்காளர். படிவத்தில் 'வணிகம்' என்று எழுதியிருந்ததை வெட்டிவிட்டு, பக்கத்தில் வேறொரு பிரிவை எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பேனையை அழுத்திய அழுத்தத்தில் அந்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது. ஏன் பிள்ளை என்று கேட்டேன். "அந்த வேலை இனி இருக்காதாம், சித்தப்பா" என்றாள்.

அதே கூட்டத்தில், பழைய அறிஞர்கள் எவ்வளவு பிழையாகச் சொன்னார்கள் என்றும் காட்டியிருக்கிறார்கள். உலகத்துக்கு ஐந்து கணினிகள் போதும் என்று ஐபிஎம் தலைவர் தோமஸ் வாட்சன் 1943இல் சொன்னாராம். அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு முன் இதையாவது சரிபார்த்திருக்கலாம். உண்மையாகவே பிழைத்துப்போன கணிப்புகள்தான் தாராளமாக இருக்கின்றனவே. பறக்கும் இயந்திரம் செய்யப் பத்து இலட்சம் முதல் ஒரு கோடி வருடம் வரை ஆகலாம் என்று நியூயோர்க் ரைம்ஸ் 1903 ஒக்ரோபரில் எழுதியது. ரைட் சகோதரர்கள் அதே வருடம் டிசெம்பர் 17ஆம் திகதி பறந்தார்கள். உங்கள் கணினி அறையில் ஒரு கணினியை மற்றதோடு இணைக்கும் ஈதர்நெற் முறையை உருவாக்கியவர்களில் ஒருவர் றொபேர்ட் மெற்கால்ஃப். 1996இல் இணையம் படுத்துவிடும் என்று 1995இல் அவர் எழுதினார். படுக்காவிட்டால் எழுதியதைத் தின்கிறேன் என்றும் சொன்னார். 1997இல் ஒரு மாநாட்டு மேடையில் அந்தத் தாளைத் தண்ணீரோடு அரைத்துச் சாப்பிட்டும் காட்டினார். வாக்குத் தவறாத மனிதர்.

துறை தெரியாதவர்களா இவர்கள்? 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஏ.ரி.அண்ட்.ரி. தொலைபேசி நிறுவனம், 2000ஆம் ஆண்டில் எத்தனை கைத்தொலைபேசி இருக்கும் என்று மக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனத்திடம் கேட்டது. அவர்கள் சொன்ன தொகை ஏறத்தாழ 9 இலட்சம். அந்த வருடம் வந்தபோது அமெரிக்காவில் மட்டும் 10 கோடியைத் தாண்டியிருந்தது. அன்றைய கைத்தொலைபேசியை நினைத்துப் பாருங்கள். 1983இல் விற்பனைக்கு வந்த மோட்டோறோலா முக்கால் கிலோவுக்கு மேல் நிறை, 3,995 டொலர் விலை, அரை மணித்தியாலம் பேசினால் பற்றரி தீர்ந்துவிடும். அதை வைத்து எண்ணினால் அந்தத் தொகைதான் வரும். கருவி மாறும், விலை இறங்கும், சனம் அதை வேறு எதற்கெல்லாமோ எடுக்கும் என்பது அவர்களுடைய கணக்கில் வரவில்லை.

சனம் என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியும். மின்சாரமும் இல்லை, பற்றரியும் தடை என்றிருந்த 1990களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட ஊர் இது. விளக்கு எரிக்கத்தானே அந்த டைனமோவைச் செய்தார்கள்.

சரி, இப்போதைய செயற்கை நுண்ணறிவுக்கு வருவோம். அந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான ஜெஃப்ரி ஹின்ரன் 2016இல், எக்ஸ்றே, ஸ்கான் படங்களைப் பார்த்து நோயைச் சொல்லும் கதிரியல் மருத்துவர்களைப் பயிற்றுவிப்பதை இப்போதே நிறுத்த வேண்டும், ஐந்து வருடத்தில் இயந்திரம் அவர்களை மிஞ்சிவிடும் என்றார். 2024இல் நோபல் பரிசு பெற்ற மனிதர். ஆனால் அமெரிக்க மருத்துவமனைகள் இன்றும் கதிரியல் மருத்துவர்களைத் தேடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவரைக் கேட்டு அன்று அந்தப் படிப்பைக் கைவிட்ட மாணவர் யாராவது இருந்தால், அவருக்கு யார் பதில் சொல்வது?

கணக்கு வேலையையும் வங்கியையும் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஏ.ரி.எம். வந்ததும் வங்கிக் காசாளர் வேலை முடிந்தது என்றார்கள். அமெரிக்காவில் ஒரு நகரக் கிளைக்குத் தேவையான காசாளர் தொகை 20இலிருந்து 13 ஆக இறங்கியது உண்மைதான். ஆனால் கிளை நடத்தும் செலவு குறைந்ததால் வங்கிகள் கூடுதலாகக் கிளைகளைத் திறந்தன. 1980க்கும் 2010க்கும் இடையில் மொத்தக் காசாளர் தொகை சற்றுக் கூடியது. அப்புறம் கைத்தொலைபேசியில் வங்கி வேலை பார்க்கும் காலம் வந்த பிறகே அது இறங்கியது. கணக்கீட்டிலும் இப்படித்தான். 1979இல் கணினியில் கணக்கு அட்டவணை போடும் விசிகால்க் மென்பொருள் வந்த பின், பேரேடு எழுதும் எழுதுவினைஞர்கள் அங்கே குறைந்தார்கள், கணக்காளர்கள் கூடினார்கள்.

இயந்திரம் வேலையைப் பறிக்காது என்று நான் சொல்லவில்லை. இரணைமடுக் குளத்தின் கீழும் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழும் நெல் அருவி வெட்டுக்குப் போய்ச் சீவித்த பெண்கள் எத்தனை பேர்? அறுவடை மெசின் வயலுக்குள் இறங்கியதும் அந்தக் கூலி போய்விட்டது. சூடடிப்பும் போனது. அவர்களை வைத்து யாரும் கூட்டம் போடவில்லை, எந்தப் பட்டியலிலும் அவர்கள் இல்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள்தான் இன்று உங்கள் மண்டபத்தில் இருக்கிறார்கள். ஒரு பிரிவை மாற்றினால், அது உள்ள, உயர்தர விஞ்ஞானப் பிரிவும் நடக்கும் 1ஏபி தரப் பாடசாலைக்குத் தினமும் எவ்வளவு தூரம் பஸ்ஸில் போக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பாதியில் திரும்பி வருவது அவர்களுக்கு இலகுவல்ல.

அதனால், வளவாளர் ஒரு தொழில் அழியும் என்றால், எந்த ஆதாரத்தில் சொல்கிறீர்கள் என்று பிள்ளைகளுக்கு முன்னாலேயே கேளுங்கள். பட்டியலுக்குப் பதிலாக, உங்கள் பாடசாலையில் படித்து இன்று வங்கியிலும் வைத்தியசாலையிலும் கராஜிலும் வேலை செய்பவர்களைக் கூப்பிடுங்கள். அவர்களுடைய வேலையில் கணினி எதை எடுத்தது, எதை விட்டது என்று அவர்கள் வாயாலேயே சொல்லட்டும். பயந்துபோய் மாற்றிய படிவங்களைத் திருத்த ஒரு வாரமாவது கொடுங்கள். கூட்டத்தைப் பின்னேரத்தில் வையுங்கள், கூலிக்குப் போகும் பெற்றோரும் வரலாம்.

இப்படிக்கு,
கிளிநொச்சியிலிருந்து ஒரு சித்தப்பா