ஜீப், பிக்கப் டிரைவர்ங்க எல்லாரும் படிச்சிருங்க: ஷாக் வந்தா என்ன பண்றது

கோத்தகிரி குரூப்ல இருக்கற எல்லாருக்கும். போன வாரம் கவ்வாத்து கத்தி தொடையில எறங்கின ஒருத்தர என் ஜீப்புல ஏத்தினேன், கூட வந்தவங்க சாதா மயக்கம்னு நெனச்சு பிளாஸ்க்ல இருந்து டீ ஊத்தப் பாத்தாங்க, நான் தடுத்துட்டேன். அது ஷாக். கரண்ட் ஷாக் இல்லீங்க, ரத்தம் கொறஞ்சு மூளை கிட்னிக்கெல்லாம் பத்தாம போறது.

மொகம் வெளுத்துரும், தோலு சில்லுனு பிசுபிசுன்னு வேர்க்கும், நாடி வேகமா ஆனா மெலிசா ஓடும், ஆளு பதட்டமா ஒளறுவாரு. பிபி நார்மல்னு நம்பிறாதீங்க, அது பல நேரம் கடைசியிலதான் எறங்கும். நகத்த 5 செகண்ட் அமுக்கி விட்டா 2 செகண்ட்ல செவப்பு திரும்பணும்பாங்க, ஆனா நம்ம குளிர்ல நல்லா இருக்கறவனுக்கே வெரல் வெறச்சு லேட்டாகும், அதனால நெஞ்செலும்பு மேல அமுக்கிப் பாருங்க.

மொதல்ல 108. ரத்தம் வர்ற எடத்துல சுத்தமான துணிய வெச்சு அழுத்திப் புடிங்க, நின்னுச்சான்னு தூக்கித் தூக்கிப் பாக்காதீங்க, நனைஞ்சா மேலயே இன்னொண்ணு வைங்க. மல்லாக்கப் படுக்க வெச்சு காலை ஒரு அடி தூக்கி வைங்க (கால், முதுகுல அடின்னா வேணாம்), கம்பளி போத்துங்க, தண்ணி கூட குடுக்காதீங்க. வாந்தி வந்தா ஒருக்களிச்சு. நெஞ்சு வலி, மூச்சு திணறல்னா சாய்ச்சு உக்கார வைங்க.

மலைத்தேனீ கொட்டி மொகம் வீங்கினா அதுவும் ஷாக்ல போய் முடியலாம், தொடையில அட்ரினலின் ஊசி போடணும், ஆஸ்பத்திரிக்கு ஓட்டுங்க, சுண்ணாம்பு தடவிட்டு நிக்காதீங்க.

வண்டியில கம்பளி இல்லாதவங்க ஞாயித்துக்கெழம ஸ்டாண்டுல வந்து வாங்கிக்கங்க.