மறுபடியும் படிக்கப் போகிறேன்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. பெரியவள் பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருப்பதிலும் எனக்குத் தனி சந்தோஷம். "இருக்கிற வேலைக்கு என்னடி குறை, இப்போது போய் மேற்படிப்பு என்கிறாய்?" என்று கேட்டிருந்தாயே. போனில் சொன்னால் பாதிதான் வரும், அதனால் எழுதுகிறேன்.

வேலையில் குறை எதுவும் இல்லை. சம்பளம் கூடும் என்றும் படிக்கப் போகவில்லை. பழைய தமிழ்ப் புத்தகங்களைக் கணினி பிழையில்லாமல் வாசிக்க வேண்டும். அந்த ஒரே வேலையோடு இரண்டு மூன்று வருடம் உட்கார வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் எத்தனையோ பழைய நூல்கள் ஸ்கேன் ஆகி இருக்கின்றன. ஆனால் படமாக இருக்கும் பக்கத்துக்குள் ஒரு சொல்லைத் தேட முடியாது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்து இலக்கியங்களை இணையத்தில் ஏற்றினார்கள். அவர்களை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. இருந்தாலும் எல்லாவற்றையும் மனிதர்களே தட்டி முடிக்க முடியுமா?

இன்றைய அச்சை டெஸராக்ட் மாதிரி இலவச மென்பொருளே ஓரளவு நன்றாக வாசித்துவிடும். பழைய அச்சில்தான் தடுமாற்றம். தமிழ் சொல்லிக்கொடுக்கிற உனக்குத் தெரியாததா? 1978 அரசாணைக்கு முன் ணை, லை, ளை, னை நான்குக்கும் துதிக்கை போல வளைந்த ஐகாரம். ணா, றா, னாவுக்குத் தனி வடிவம். பெரியார் 1935லேயே தன் 'குடி அரசு' இதழில் மாற்றிவிட்டார், மற்றவர்கள் பழையபடியே அச்சடித்தார்கள். ஆக, ஒரே காலத்துப் புத்தகங்களிலேயே இரண்டு வகை எழுத்தும் உண்டு. இன்னும் பழைய அச்சில் 'ர'வும் துணைக்காலும் ஒன்றுபோல இருக்கும். மை மங்கிய இடத்தில் புள்ளியே காணாமல் போயிருக்கும். நாம் திணறாமல் படிப்பது, சொல்லையும் சேர்த்து ஊகிப்பதால். அந்த ஊகத்தைக் கணினிக்குக் கற்றுத்தர வெறும் அகராதி போதாது. 'வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்பது நமக்கு ஒரே சொல். எந்த அகராதியில் அது இருக்கும்? இதற்கு நிகழ்தகவும் அணிகளின் (மேட்ரிக்ஸ்) கணிதமும் அடியிலிருந்து தெரிய வேண்டும். நாம் பரீட்சைக்குப் படித்த அளவு காணாது.

முதல் படி கேட், அதாவது பொறியியல் மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு. மூன்று மணி நேரம், 65 கேள்வி, 100 மதிப்பெண். கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளில் கணிதத்துக்கு மட்டும் 13. ஒருமுறை வாங்கிய மதிப்பெண் மூன்று வருடம் செல்லும் என்பது பெரிய ஆறுதல். வேலையை விடாமலே பிட்ஸ் பிலானியில் எம்.டெக். படிக்கலாமே என்று அண்ணி சொன்னார். நல்ல வழிதான், பலருக்கு அதுவே சரி. எனக்கு வேண்டியது ஆராய்ச்சி. அது வார இறுதியில் நடக்காது. அதனால் ஐ.ஐ.டி. மெட்ராஸின் எம்.எஸ். என்ற ஆராய்ச்சிப் படிப்பைத்தான் முதலில் குறிவைத்திருக்கிறேன். பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் (ஐ.ஐ.எஸ்.சி.) மனதில் உண்டு, ஆனால் பையன் பள்ளியை மாற்ற வேண்டியிருக்கும்.

பணம் இறுக்கும். எம்.டெக். உதவித்தொகையே மாதம் 12,400 ரூபாய்தான். வீட்டுக்கடன் தவணையில் பாதிக்குக்கூட வராது. "இரண்டு வருடம் சமாளிப்போம்" என்று என் கணவர் சொன்னது எனக்குப் பெரிய பலம். உடன் படிப்பவர்கள் நேற்றுக் கல்லூரி முடித்த பிள்ளைகளாக இருப்பார்கள். அதில் எனக்குத் தயக்கமில்லை. படித்து முடிக்கும்போது பழைய அச்சு எழுத்துகளின் தரவுத் தொகுப்பு ஒன்றை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டிருக்க வேண்டும். பட்டத்தைவிட அதுதான் எனக்கு முக்கியம்.

அதற்கு உன் உதவி வேண்டும். உங்கள் கல்லூரி நூலகத்தில் பைண்டு செய்த பழைய புத்தகங்கள் இருக்கின்றன என்றாயே. ஆசிரியர் காலமாகி 60 ஆண்டு தாண்டி, பதிப்புரிமை முடிந்தவையாகப் பார்த்து, அனுமதி வாங்கிச் சில பக்கங்களை போனில் படமெடுத்து அனுப்பு. பகல் வெளிச்சத்தில் எடு, ஃப்ளாஷ் வேண்டாம். தலைப்புப் பக்கத்தையும் மறக்காமல் எடு. அச்சகமும் ஆண்டும் தெரிந்தால்தான் வகைபிரிக்க முடியும். அவசரமில்லை, அம்மா நடக்க ஆரம்பித்த பிறகு போதும்.

அன்புடன்,
உன் தோழி