அட்டையில் இருப்பது பழந்தின்னி அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வௌவால் பார்ப்பது பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பறவைகளைப் பற்றி மாதம் ஒன்று வந்துவிடுகிறது, வௌவாலுக்கு இப்போதுதான் இடம் கிடைத்திருக்கிறது. அந்த மகிழ்ச்சியைச் சொல்லிவிட்டுத்தான் குறைக்கு வருகிறேன்.

அட்டைப்படத்தின் கீழே ‘பழந்தின்னி வௌவால்’ என்று போட்டிருக்கிறீர்கள். அது பழந்தின்னி அல்ல. பழந்தின்னிக்கு நாய்க்குட்டி மாதிரி நீண்ட முகம், பெரிய கண்கள், எளிமையான காதுகள். மூக்கின் மேல் எதுவும் இருக்காது. உங்கள் படத்தில் இருக்கும் விலங்குக்கு மூக்கின் மேல் இலை போல ஒரு தோல் மடல் நிமிர்ந்து நிற்கிறது, இரண்டு பெரிய காதுகளும் நெற்றியில் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றன. ஆங்கிலத்தில் ‘போலி வாம்பயர்’ என்று சொல்லும் குடும்பம் அது. பழத்தைத் தொடாது. தவளை, பல்லி, சுண்டெலி, பெரிய பூச்சிகள், சமயத்தில் இன்னொரு வௌவால் என்று வேட்டையாடித் தின்னும். வாம்பயர் என்றால் ரத்தக் காட்டேரி, ஆனால் இது ரத்தமும் குடிக்காது, பெயர்தான் அப்படி. உண்மையில் ரத்தம் குடிக்கும் வௌவால்கள் உலகத்திலேயே மூன்று இனங்கள்தான், மூன்றும் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் வாழ்பவை.

பிழை யாருக்கும் வரும். ஆனால் இந்தப் பிழை, கட்டுரையில் எனக்கு உறுத்திய இன்னொன்றோடு சேர்ந்தது. ‘படம் எடுங்கள், செயலியில் போடுங்கள், இனத்தின் பெயர் வந்துவிடும்’ என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். பறவைக்கு அது ஓரளவு சரி. வௌவாலுக்குச் சரிப்படாது. உலகில் 1,400க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பல்லையும் முன்கையின் நீளத்தையும் அளந்தால்தான் நிபுணர்களே முடிவுக்கு வருவார்கள்.

1948இல் மேற்குத் தொடர்ச்சி மலையில் பிடிபட்ட ஒரு வௌவாலை அங்கே சாதாரணமாகத் தென்படும் குறுமூக்குப் பழந்தின்னி என்று எண்ணிச் சீட்டு ஒட்டி அருங்காட்சியகப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தோங்லோங்யா அதை எடுத்துப் பார்த்து, இது தனி இனம், தனிப் பேரினமும்கூட என்று 1972இல் அறிவித்தார். பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரை அதற்குச் சூட்டியதும் அவர்தான். இடையில் 24 வருடம் போயிருக்கிறது! பெட்டிக்குள் அசையாமல் கிடந்ததற்கே இந்தக் கதி என்றால், மங்கிய வெளிச்சத்தில் தலைக்கு மேல் சர்ரென்று போவதைப் பார்த்து நாம் எப்படிப் பெயர் சொல்வது?

ஐரோப்பாவில் நடந்தது இதைவிட வேடிக்கை. பிபிஸ்ட்ரெல் என்ற சின்னஞ்சிறு வௌவால் அங்கே எல்லா இடத்திலும் உண்டு. அதன் கூட்டங்களில் சில 45 கிலோஹெர்ட்ஸை (ஒலியின் அதிர்வெண்ணைச் சொல்லும் அளவு இது) ஒட்டியும் சில 55ஐ ஒட்டியும் ஒலி எழுப்புவது தெரியவந்தது. ஒரே உருவம், இரண்டு குரல். மரபணுவைப் பார்த்தால் இரண்டும் வேறுவேறு. 1999இல் தனித்தனி இனங்களாகப் பிரித்தார்கள். அதுவரை எல்லோரும் பார்த்த ‘ஒரு’ வௌவால் இரண்டாக இருந்திருக்கிறது.

அப்புறம் எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். பெயரைக் கொஞ்சம் தள்ளிவைத்தால் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. நான் ஒன்பது வருடமாகக் குறிப்பேடு வைத்திருக்கிறேன். முதல் மாதக் குறிப்புகளைக் கிழித்துப் போட வேண்டியதாயிற்று. சூரியன் மறைந்த உடனே வந்தவற்றையெல்லாம் வௌவால் என்று எண்ணியிருந்தேன், பாதிக்கு மேல் உழவாரன் குருவிகள்! உழவாரன் சிறகை விறைப்பாக விரித்து வழுக்கிக்கொண்டு போகும். பூச்சி தின்னும் சிறு வௌவால் அப்படி வழுக்குவது அபூர்வம், படபடவென்று அடித்துத் திடீர் திடீரென்று திரும்பும். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட எனக்கு ஒரு மாதம் ஆனது.

அது பிடிபட்டபின் மற்றவை மெல்ல வரும். வௌவாலுக்குப் பின்னால் மேற்கு வானம் இருக்கும்படி நின்று பார்த்தால் உருவம் துலக்கமாகத் தெரியும். காக்கையைப் போல நிதானமாகச் சிறகடித்து ஒரே திசையில் போவது பெரிய பழந்தின்னி. நீண்டு குறுகிய சிறகோடு மிக உயரத்தில் நேர்க்கோடாக வேகமாகப் பறப்பது பெரும்பாலும், கால்களுக்கு இடையிலுள்ள சவ்வை மீறி வால் நீட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. புதர்களுக்கு இடையே தாழ்வாக நுழைந்து நுழைந்து வருவது குதிரைலாட மூக்குடைய வகையாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் எழுதுகிறேன், கவனியுங்கள்.

ஒலியறியும் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், வௌவாலின் பேச்சு பெரும்பாலும் அதற்கு மேலேதான். கருவியின் திருகு குமிழை ஓர் எண்ணில் வைத்தால் அதை ஒட்டிய ஒலிகள் நமக்குக் கேட்கும்படி இறங்கி வரும். சாதாரணமாக ‘டிக், டிக்’ என்று இருப்பது, இரையை நெருங்கும்போது ‘ட்ர்ர்ர்ர்’ என்று ஒரே இழுவையாகிவிடும். முதன்முதலில் அதைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. குதிரைலாட மூக்குக்காரருக்கு டிக் டிக் கிடையாது, நீளமான விசில். குடும்பத்தைச் சொல்ல இது நன்றாகவே உதவும். இனத்தைச் சொல்ல எப்போதும் உதவாது, ஏனென்றால் ஒரே வௌவால் திறந்த வெளியில் ஒரு மாதிரியும் கிளைகளுக்கு நடுவில் வேறு மாதிரியும் ஒலிக்கும். செயலி மட்டும் தயங்காமல் ஒரு பெயரை நீட்டும்.

என் குறிப்பேட்டில் பாதிப் பக்கங்களில் ‘சிறிய பூச்சியுண்ணி, பெயர் தெரியவில்லை’ என்றுதான் இருக்கிறது. பக்கத்தில் நேரம், எண்ணிக்கை, பறந்த உயரம், காற்றும் மழையும் எப்படி என்பது. அதே இடத்தில் அதே மாதத்தில் அடுத்த வருடமும் எண்ணினால் கூடியதா குறைந்ததா என்று தெரிந்துவிடும், அதற்குப் பெயர் தேவையில்லை. தவறான பெயரை எழுதிவிட்டால் பின்னால் வருபவர் அதை நம்பித் தொலைப்பார்.

கட்டுரையில் ஒரு வரிக்கு மட்டும் மறுப்பே வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். பொந்துக்குள்ளும் குகைக்குள்ளும் டார்ச் அடித்து முகத்தைப் பாருங்கள் என்கிறது அது. பெரும்பாலான வௌவால்கள் ஒரு ஈற்றில் ஒரே குட்டிதான் போடும். தாய்கள் மிரண்டு கிளம்பினால் குட்டி கீழே விழும், விழுந்த குட்டி பிழைப்பது கடினம். வெளியே நின்று, அவை வெளிவரும்போது எண்ணினால் போதும். தரையில் கிடப்பதை வெறுங்கையால் தொடவும் கூடாது, சில வௌவால்களிடம் ரேபிஸ் கிருமி இருக்கக்கூடும்.

மறுபடி அட்டைப்படத்துக்கு வருகிறேன். போலி வாம்பயர் என்று குடும்பத்தைத்தான் சொன்னேன், இனத்தைச் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்திலேயே நெருங்கிய இரண்டு இனங்கள் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். மூக்கு மடலின் ஓரங்கள் நேராக இருந்தால் ஒன்று, வெளியே வளைந்து இதய வடிவில் இருந்தால் இன்னொன்று. சரியாக அந்த இடத்தில்தான் உங்கள் இதழின் பெயர் அச்சாகியிருக்கிறது. வெட்டாத மூலப்படம் இருந்தால் அனுப்பிவையுங்கள். படம் எடுத்தவரிடம், அது தொங்கிய இடத்துக்கு நேர் கீழே தரையில் தவளைக் கால்கள் ஏதும் கிடந்தனவா என்றும் கேட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்